ஆயிரமாவது முட்டை

ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் ‘வறண்ட பாலம்’ என்று ஒரு பாலம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஒருவர் கட்டியது. அப்போது கீழே குரா ஆற்றின் கிளை ஒன்று ஓடியது. 1930-களில் அந்தக் கிளையைத் தூர்த்துவிட்டார்கள். அதனால்தான் பாலத்துக்கு இந்தப் பெயர் வந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, சம்பளமும் மின்சாரமும் ஒழுங்காக வராத தொண்ணூறுகளில், ஊர்ச்சனம் வீட்டுச் சாமான்களைக் கொண்டுவந்து இங்கே விரித்து உட்கார்ந்தது. கிராமபோன், சமோவார், தாத்தாவின் பதக்கம், கல்யாணத்துக்கு வந்த கரண்டி செட். விற்று ரொட்டி வாங்கிய காலம் அது. இப்போது சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். எங்கெங்கோ சரக்கு பிடித்துவந்து விற்கும் முழுநேர வியாபாரிகளும் வந்துவிட்டார்கள்.

பூங்காவை ஒட்டிய கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தால் நாலைந்து கடைகள் கண்ணுக்குள் அடங்கும். எழுந்து போ என்று யாரும் சொல்வதில்லை. பாஷை தெரியாததும் இங்கே ஒரு வசதிதான். பேச்சின் பின்னால் மனசு ஓடாது; கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

நேர் எதிரே கடை விரித்திருந்தவருக்கு வயது அறுபதுக்கு மேல். மடக்கு நாற்காலி, கம்பளித் தொப்பி, சூரியகாந்தி விதைப் பொட்டலம், ஒரு தெர்மாஸ். விதையை முன்பல்லில் உடைத்து, தோலை நாக்காலேயே பிரித்துத் துப்பிக்கொண்டிருந்தார். விரிப்பில் ஸெனிட் கேமராக்கள், லெனின் தலை பொறித்த சட்டை ஊசிகள், டீ கிளாஸைச் செருகிப் பிடிக்கும் வேலைப்பாடுள்ள உலோகப் பிடிகள், யாரோ ஒரு டாக்டர் விட்டுப்போன கத்திரிகள். ஓரமாக, வெயில் நேரே படாமல் ஒரு அட்டைப்பெட்டி மூடியின் கீழே, உள்ளங்கையில் அடங்கும் நாலு விளையாட்டுக் கருவிகள். ஒன்றில் ஆக்டோபஸ். ஒன்றில் வாணலியில் இறைச்சித் துண்டைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் சமையல்காரர். மற்ற இரண்டிலும் ஓநாய்.

அந்த ஓநாயைப் பார்க்கத்தான் ஆட்கள் நின்றார்கள். ஆக்டோபஸைச் சீண்டியவர் எவரும் இல்லை.

காலையில் கடைக்காரர் ஓநாய்க் கருவிகளில் ஒன்றை எடுத்து, பின்பக்க மூடியை நகத்தால் தள்ளி, சட்டைப் பொத்தான் அளவே இருந்த இரண்டு பேட்டரிகளைப் போட்டார். ஒரு கணம் கண்ணாடியில் இருந்த எல்லாம் ஒருசேரக் கறுத்து எழுந்தது. இடப்பக்கம் ஒரு ஓநாய், வலப்பக்கம் ஒரு ஓநாய், மேலும் கீழுமாக நாலு கூடைகள், நாலு சரிவுப் பலகைகளிலும் வரிசையாக முட்டைகள், தரையில் ஓடும் குஞ்சுகள், மூலையில் எட்டிப் பார்க்கும் முயல். மறு கணம் எல்லாம் மறைந்து கடிகாரம் மட்டும் நின்றது.

அந்த ஒரு கணத்தில் பார்த்ததுதான் அதற்குள் இருக்கும் மொத்தச் சொத்தும். இன்றைய கைபேசித் திரையில் லட்சக்கணக்கான புள்ளிகள் கூடி எந்த உருவத்தையும் வரையும். இதில் புள்ளியே கிடையாது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகம். கண்ணாடியில் ஓநாயின் உடம்பு, கை, கூடை, ஒவ்வொரு முட்டையும் நிற்கும் ஒவ்வொரு இடம் என்று எல்லாவற்றையும் அச்சுவார்த்தாற்போல் முன்பே பதித்துவிடுகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் அந்தத் துண்டு கறுக்கும், நின்றால் மறையும். முட்டை உருள்வதில்லை, ஒரு முட்டை அணைந்து அடுத்தது எரிகிறது. ஓநாய் திரும்புவதில்லை, ஒரு ஓநாய் மறைந்து இன்னொன்று தோன்றுகிறது. ஓடுகிறது, உருள்கிறது என்பதெல்லாம் பார்ப்பவர் தாமாகச் சேர்த்துக்கொள்வது. கண்ணாடியின் மேல் அச்சிட்ட கோழிக்கூடும் புல்லும்தான் வண்ணம். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் அணைந்திருக்கும் உருவங்களும் மங்கலாகத் தெரியும்.

ஆட்டம் இவ்வளவுதான்: நாலு மூலையில் கோழிகள் முட்டையிடும். முட்டை பலகையில் சரிந்து வரும். மூலைக்கு ஒன்றாக இருக்கும் நாலு பொத்தான்களில் சரியானதை அழுத்தினால் ஓநாய் அந்தப் பக்கம் கூடையை நீட்டும். பிடித்தால் ஒரு புள்ளி. மூன்று தப்பினால் முடிந்தது.

இது முதலில் ஓநாயின் வேலை இல்லை. 1980-இல் ஜப்பானின் நிண்டெண்டோ, ‘கேம் அண்ட் வாட்ச்’ என்ற பெயரில் சட்டைப்பை விளையாட்டுகளை விற்க ஆரம்பித்தது. குன்பெய் யோகோய் என்ற பொறியாளரின் யோசனை. புல்லட் ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து உதித்தது என்பார்கள். கால்குலேட்டர் வியாபாரத்தால் மலிந்துபோயிருந்த சில்லும் கண்ணாடியும்தான் மூலப்பொருள். மொத்தத்தில் நாலு கோடிக்கு மேல் விற்றது. 1981-இல் மிக்கி மவுஸ் கூடையும் கையுமாக வந்து முட்டை பிடித்தது. அதே ஆண்டு அதே ஆட்டத்தை ‘எக்’ என்ற பெயரில் இன்னொரு பெட்டியாகவும் விட்டார்கள். மிக்கி நின்ற இடத்தில் ஒரு ஓநாய். பெயரில்லாத ஓநாய், டிஸ்னிக்குப் பணம் கட்டத் தேவையில்லாத ஓநாய்.

வீடியோ கேம் உலகத்தில் கார்ட்டூன் மிருகங்களின் பிழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. கெம்கோ என்ற ஜப்பானியக் கம்பெனி 1989-இல் ரோஜர் ராபிட்டை வைத்து ஒரு ஆட்டம் போட்டது. அதே ஆட்டம் அமெரிக்காவில் பக்ஸ் பன்னியின் ‘கிரேஸி காசில்’ ஆனது. கேம் பாய் கருவியில் வந்தபோது ஜப்பானியர் கையில் இருந்தது மிக்கி மவுஸ். மாடிப்படி அதேதான், சாவி அதேதான், ஏறி இறங்குகிற மிருகம் மட்டும் யாரிடம் உரிமம் கிடைத்ததோ அது. முயலுக்குத் தைத்த சட்டையை எலிக்கு மாட்டி அனுப்புவதில் யாருக்கும் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. விளையாடிய பிள்ளைகளுக்கும் கவலை இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது அவர்களுக்கு நிஜம்.

சோவியத்காரர்கள் கண்ணில் பட்டது ‘எக்’. 1984-இல் ‘எலெக்ட்ரோனிகா’ என்ற முத்திரையுடன் அதன் நகல் வந்தது. நிண்டெண்டோவிடம் உரிமம் கேட்ட பேச்சே இல்லை. ராணுவத்துக்கும் விண்வெளிக்கும் சில்லு செய்த ஆலைகள் பொதுமக்களுக்கான பொருளும் கொஞ்சம் செய்தாக வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே இருந்தது; அந்தக் கணக்கில் இந்த முட்டைகளும் ஏறின. அட்டையில் விலை 25 ரூபிள். சராசரி மாதச் சம்பளம் 200 ரூபிளைத் தொடாத காலம். பிறந்தநாளுக்குக் கேட்டு, அழுது, அடுத்த பிறந்தநாளுக்கு வாங்கிய சாமான்.

நகல் எடுத்தவர்கள் ஒரே ஒரு காரியம் சொந்தமாகச் செய்தார்கள். பெயரில்லாத ஓநாய்க்குத் தெரிந்த முகம் ஒன்றை வைத்தார்கள். அந்த ஓநாயை அந்த நாட்டில் தெரியாத வீடு கிடையாது.

‘நு, பகதி!’ என்ற கார்ட்டூன் தொடர் 1969-இல் தொடங்கியது. ‘இரு, வச்சுக்கிறேன்!’ என்று ஒவ்வொரு கதை முடிவிலும் ஓநாய் முயலைப் பார்த்துக் கத்தும். வியாச்செஸ்லாவ் கொத்யோனச்கின் இயக்கம். பெல்பாட்டம் போட்டு, வாயில் சிகரெட் வைத்து, கிட்டார் தட்டித் திரியும் ரவுடி ஓநாய். நல்ல பிள்ளை முயல். ஓநாய் துரத்தும், வழுக்கும், இடிக்கும், முயல் தப்பும். வசனம் மிகக் குறைவு. உறுமலும் முனகலும் அந்த ஒற்றை வரியும்தான். அந்த உறுமலுக்குச் சொந்தக்காரர் அனத்தோலி பப்பானவ். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பியவர், போர்ப் படத்தில் தளபதியாக நடித்துப் பேர் வாங்கியவர். பிள்ளைகளுக்கு அவர் ஓநாய்தான்.

மிக்கியைவிட இந்த ஓநாய்க்கு அந்தக் கூடை பொருத்தம் என்பது என் கட்சி. மிக்கி முட்டை பிடிப்பதில் என்ன இருக்கிறது? பண்ணை வேலை. ஓநாய் கோழிக்கூட்டில் நிற்கிறது என்றால் அங்கே ஒரு திருட்டு நடக்கிறது. மேல் மூலையிலிருந்து முயல் எட்டிப் பார்க்கிறது என்றால் அந்தத் திருட்டுக்கு ஒரு சாட்சி. புதிதாக ஒரு கோடுகூட யோசிக்காமல், முகத்தை மட்டும் மாற்றியதில் ஒரு கதை வந்து உட்கார்ந்துவிட்டது. காலமெல்லாம் முயலைத் துரத்தி ஒன்றும் கிட்டாதவன், முட்டையாவது கிடைக்கட்டும் என்று கூடை தூக்கி வந்திருக்கிறான்.

முற்பகலில் ஒரு வெளிநாட்டுக்காரர் வந்தார். கழுத்தில் கண்ணாடி, முதுகில் பை, சேகரிப்பவர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஓநாயைத் திருப்பிப் போட்டார். முகத்தைப் பார்க்கவே இல்லை. பின்மூடியைக் கழற்றி, பேட்டரி வைக்கும் குழியில் பச்சைத் துரு ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்தார். பிறகு கண்ணாடியைச் சாய்த்து ஓரங்களைப் பார்த்தார். பழசானால் மேலே ஒட்டிய படலம் பழுத்து மஞ்சளாகும். கண்ணாடி விரிசல் விட்டால் உள்ளே மை கொட்டினாற்போல் கறை பரவும். அட்டைப்பெட்டி இருக்கிறதா என்று காற்றில் சதுரம் வரைந்து கேட்டார். கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். ஓநாயை மறுபடி மூடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு முட்டைகூடப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தமிழ் கேட்டது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, மருத்துவம் படிக்க இந்தியாவிலிருந்து நிறையப் பிள்ளைகள் இந்த ஊருக்கு வந்திருக்கிறார்கள். இரண்டு பையன்கள், கையில் காகித உறையில் சுருட்டிய ஹாச்சப்புரி என்ற பாலாடைக்கட்டி ரொட்டி.

“மச்சி, என்னடா இது, கால்குலேட்டரா?”

“கேம்டா. எங்க சித்தப்பாகிட்ட ஒண்ணு இருந்துச்சு. கட்டை கட்டையா விழும்ல, டெட்ரிஸ்.”

“அது பிரிக் கேம்டா. இது வேற.”

“எல்லாம் ஒரே குடும்பம்தான்டா, விடு.”

சித்தப்பாவைச் சொன்ன பையன் விளையாட்டாகச் சொன்னாலும் ஓரளவு சரியாகவே சொன்னான். டெட்ரிஸை மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னவ் முதலில் எழுதியது ‘எலெக்ட்ரோனிகா 60’ என்ற கணினியில், இந்த ஓநாய் வந்த அதே எண்பதுகளின் நடுவில். இந்தக் கருவியில் இருந்த முத்திரைதான் அந்தக் கணினியிலும் இருந்தது. சுவரிலிருந்து இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம். அப்புறம் எந்த ஊர், என்ன வேலை, எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று பேச்சு வளரும். நாலு கடைகளும் கண்ணிலிருந்து போய்விடும். சொல்லவில்லை. பையன் நாலு முட்டை பிடித்து மூன்று உடைத்தான். எண்ணெய்க் கையைப் பேண்ட்டில் துடைத்துவிட்டு வைத்தான். “டைமிங் ரொம்ப டஃப்பா இருக்குடா” என்றபடி இருவரும் ஓவியக் கடைப் பக்கம் நடந்தார்கள்.

மதியத்துக்கு மேல் ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதைத் தொட்டிருக்கலாம். அலுவலகத்துக்குப் போகிற மேல்கோட்டு, ஒரு கையில் வெங்காயத்தாள் எட்டிப் பார்க்கும் பை. கடந்து போனவள் இரண்டடி பின்னால் வந்தாள். பையைக் கால்களுக்கு நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டாள். ஓநாயை எடுத்தாள். எந்தப் பொத்தான் எது என்று பார்க்கவில்லை. ஆட்டத்தை ஆரம்பித்தாள்; அதிலும் இரண்டாவது வகையை, நாலு பலகையிலும் முட்டை வருகிறதை.

டிக், டிக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. முட்டை ஒரு இடம் நகர்ந்தால் ஒரு டிக். ஆரம்பத்தில் சாவகாசமாக வரும்; போகப் போக ஒன்றின் மேல் ஒன்று விழும். அவள் கட்டைவிரல்கள் அசைந்ததே தெரியவில்லை. பூக்கட்டுகிறவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே நாரை முடிவார்களே, அந்த மாதிரி கண் வேறெங்கோ இருந்தது, காதுதான் விளையாடியது. ஒருமுறை வலது கீழ் முட்டை தப்பி உடைந்தது. குஞ்சு வெளியேறி ஓடியது. அவள் பதறவில்லை. முயல் மூலையில் தலை நீட்டியிருந்தது. முயல் பார்க்கும்போது உடைந்தால் அரைத் தப்பு மட்டும்தான். இன்னும் சொல்லப்போனால், அவள் அதைத் தெரிந்தே விட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. இரண்டு முட்டை ஒரே நேரத்தில் விளிம்புக்கு வந்துவிட்டால் எதைக் கைவிடுவது என்ற கணக்கு அவளிடம் தயாராக இருந்தது.

இருநூறு வந்தது. அதுவரை விழுந்த தப்பெல்லாம் அழிந்தது. இருநூறிலும் ஐந்நூறிலும் அந்த மன்னிப்பு உண்டு. கடைக்காரர் விதை உடைப்பதை நிறுத்திவிட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார். பக்கத்துக் கடை கார்பெட்காரரும் எழுந்து வந்தார். ஆளுக்கொன்று சொன்னார்கள். ரஷ்யப் பேச்சில் ஒரே ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: முல்த்திக். கார்ட்டூன். கார்பெட்காரர் விரலால் காற்றில் ஒன்றும் மூன்று பூஜ்யமும் எழுதினார். கடைக்காரர் கையை வீசிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தலையை ஒரு பக்கமாக அசைத்தாள், அது உண்மை என்பதாக.

சோவியத் பள்ளிக்கூட முற்றங்களில் புழங்கிய பெரிய ரகசியம் அது. ஆயிரம் முட்டை பிடித்தால் கண்ணாடியில் ‘நு, பகதி!’ கார்ட்டூன் ஓடும். பார்த்தவன் எப்போதும் வேறு பள்ளிக்கூடத்துப் பையன்; அவனுடைய அண்ணனின் சிநேகிதன். தான் பார்த்ததாகச் சத்தியம் செய்தவன் அகப்பட மாட்டான். போர்வைக்குள்ளும் பாடப் புத்தகத்துக்குள்ளும் வைத்து விளையாடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு சிலர் அந்த எல்லையைத் தொட்டார்கள். எண்ணுக்கு இருந்த இடமோ மூன்று. 999-க்குப் பிறகு பூஜ்யம் வந்தது. முட்டைகள் மறுபடி சாவகாசமாக உருண்டன. கார்ட்டூனுக்கு அந்தக் கண்ணாடியில் ஒரு துண்டு இடம்கூடக் கிடையாது. பேட்டரி போட்ட கணத்தில் தெரிந்ததைத் தவிர உள்ளே ஒரு கோடு அதிகம் இல்லை. பூஜ்யத்தைக் கண்ணால் பார்த்த பையன்களும் ரகசியத்தைக் கைவிடவில்லை. நடுவில் ஒரு தப்பு விழுந்துவிட்டது, அதனால்தான் வரவில்லை என்று சட்டத்தைத் திருத்திக்கொண்டார்கள். தப்பே இல்லாமல் ஆயிரம் எடுக்க வேண்டுமாம். ஏமாற்றத்தை இவ்வளவு கச்சிதமாக ஒட்டுப்போட்டுக் காப்பாற்றிய பிள்ளைகளை நினைத்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

முந்நூற்று எண்பது, தொண்ணூறு என்று போய்க்கொண்டிருந்தபோது கோட்டுப் பையில் அவள் போன் அடித்தது. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. அவள் ஏதோ கத்தினாள். கடைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கருவி கைமாறியது: முதலில் அவளுடைய வலது கட்டைவிரல் விலகி அவருடையது ஏறியது, பிறகு இடது. ஒரு முட்டையும் விழவில்லை. முன்பின் பழக்கமில்லாத இரண்டு பேர் ஒத்திகை இல்லாமல் இதைச் செய்ய முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அவள் போனில் நீளமாகப் பேசினாள். வீட்டு விவகாரம், அந்தக் குரலுக்கு மொழி வேண்டாம். இதற்குள் ஒரு தம்பதி வந்து டீ கிளாஸ் பிடி ஒன்றைத் தூக்கி என்ன விலை என்று கேட்டது. கடைக்காரர் காதில் வாங்கவில்லை. கணவர் ஐந்து விரலை விரித்துக் காட்டினார், பிறகு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கடைக்காரர் பார்க்கவே இல்லை. மனைவி பிடியை விரிப்பில் வைத்தாள். இருவரும் அடுத்த கடைக்குப் போய் அங்கே அதே பிடியை வாங்கினார்கள். கார்பெட்காரர் தலையில் அடித்துக்கொண்டார். காலையிலிருந்து அந்தக் கடையில் நடந்திருக்கக்கூடிய முதல் வியாபாரம் அது.

போனை வைத்துவிட்டு அவள் கை நீட்டினாள். அவர் தோளைத் திருப்பிக்கொண்டார். மறுபக்கம் வந்து நீட்டினாள். இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் இடுப்பில் கைவைத்து நின்று நாலு வார்த்தை விட்டாள். கேட்ட கார்பெட்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ஐந்நூறு தாண்டியிருக்க வேண்டும். அவர் திரும்பி நின்றதால் சுவரிலிருந்து எனக்கு எண் சரியாகத் தெரியவில்லை. இறங்கிக் கிட்டே போய் நிற்க ஆசை வந்தது. போகவில்லை.

அவள் குனிந்து மூடிக்குக் கீழே இருந்த இன்னொரு ஓநாயை எடுத்தாள். விலை கேட்டாள். அவர் தலை நிமிராமல் ஒரு எண்ணைச் சொன்னார். பேரம் பேசினாள். அவர் அதற்கும் சரி என்று தலையாட்டினார். எதற்குத் தலையாட்டுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஜார்ஜிய நாணயத்தில் நூறு லாரி நோட்டு ஒன்றை எடுத்துத் தெர்மாஸின் கீழே செருகினாள். ஓநாயை வெங்காயத்தாளுக்கு நடுவில் பத்திரமாக வைத்தாள். மீதிக்காக உள்ளங்கையை நீட்டினாள். அவருக்கு இரண்டு கையும் ஒழியவில்லை. கொஞ்ச நேரம் நீட்டியபடி நின்று பார்த்தாள். பிறகு நாற்காலியில் இருந்த விதைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். ஒன்றை உடைத்து வாயில் போட்டபடி, இடது மேல் மூலையில் முட்டை வருகிறது என்று அவருக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.